தோழிக்கும் ஒரு காரியம் உண்டு

கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து சிப்காட்டுக்குப் போகிற வழியில் எந்த நாளும் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனராவது நிற்கும். நடுவில் இறந்தவரின் படம். பெரும்பாலும் யாருடைய கல்யாணத்திலோ எடுத்ததிலிருந்து வெட்டியதாக இருக்கும். பின்னால் மேகம், இறக்கை விரித்த புறா. கீழே வரிசையாக நண்பர்களின் முகங்கள்: கறுப்புக் கண்ணாடியோடு சிலர், பைக்கில் சாய்ந்தபடி சிலர். பதினாறாம் நாள் வருவதற்குள் காற்றில் ஒரு மூலை கிழிந்து தொங்கும். அதன் பிறகு மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகவோ, மணல் குவியலுக்குப் போர்வையாகவோ போய்ச் சேரும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் சாலைகூடப் பளிச்சென்று இருந்தது. அப்புறம் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்துவிட்டன.

அந்த நண்பர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. அவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். நம் சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. கொள்ளி வைக்க மகன். கோடித்துணி போடப் பிறந்த வீட்டார். உருமா கட்ட மாமன். தீட்டுக் காக்கப் பங்காளிகள். வாய்க்கரிசி போட வரிசை முறை. யார் முதலில், யார் பின்னால் என்று சண்டை வரும் அளவுக்கு எல்லாம் தீர்மானமாக இருக்கிறது. இதில் நண்பனுக்கு எழுதி வைத்த வேலை ஒன்றும் இல்லை. பாடையில் ஒரு தோள் கொடுக்கலாம், மாலை போடலாம். அது போதாமல்தான் அவன் பேனர் கடைக்கு ஓடுகிறான்.

தோழிக்கு அதுவும் கிடையாது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பேனரில் தோழிகளின் முகம் வரிசையாக அச்சடிக்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணோடு இருந்த சிநேகம் எங்கள் ஊரில் எதிலும் பதிவாவதில்லை.

எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ரப்பர் வளையத்தை விளக்கின் கீழே சுற்றிப் பார்த்து, பிசிறோ வெடிப்போ இருந்தால் சிவப்பு டிரேயில் போட வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் என் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவள் என் தோழி. எங்களுக்குள் சொந்தம் இல்லை. சாதி வேறு. அவள் ஆரம்பாக்கம் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னோடு பேசும்போது தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. கம்பெனி பஸ்ஸில் எனக்கு சீட்டுப் பிடித்து வைப்பாள். அவள் கொண்டுவரும் கோங்கூராத் தொக்குக்கு என் டிபன் பாக்ஸில் எப்போதும் ஓர் ஓரம் காலியாக இருக்கும். எங்கள் சிநேகம் இவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

அவளுக்கு மார்பில் கட்டி. போனஸ் வரட்டும், பெரியவளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. (முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்கான பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். படிக்கிறவர்களில் யாராவது தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள், மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம்.)

சாவுக்குப் போக லீவு கேட்டேன். "என்ன உறவு?" என்றார்கள். "சிநேகிதி" என்றேன். கேட்டவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்பா, அம்மா, கணவன், பிள்ளை, மாமனார், மாமியார் என்று அதில் கட்டங்கள் இருந்தன. எனக்குக் கட்டம் இல்லை. சம்பளப் பிடித்தத்தோடு அரை நாள் கிடைத்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஆலைகளை இத்தனை காலம் ஆண்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்புக் கணக்குச் சொன்னது. வீட்டில் சாவு விழுந்தால் தனியாக இத்தனை நாள் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பெற்ற தாய்க்கே சட்டம் லீவு எழுதி வைக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளுக்கு எங்கே போவது?

ஒப்பாரியில் உட்காரலாமே என்பீர்கள். உட்கார்ந்தேன். பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழும் அந்த வட்டத்தில் மட்டும் 'நீ யார்' என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊர் வழக்கங்களில் நான் மதிக்கிற ஒன்று அது. ஆனால் அங்கேயும் பாட்டெடுக்கிறவள் அம்மாவாகவோ மகளாகவோ நாத்தனாராகவோ இருந்துதான் பாடுகிறாள். கூட வேலை செய்தவளுக்கு என்று ஓர் ஒப்பாரி இன்னும் யாரும் கட்டவில்லை. உடலை எடுத்தார்கள். தெருமுனை வரை போனோம். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட். எதிர் ஸ்டூலில் காண்ட்ராக்டில் வந்த ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

இனி அவள் பாதியில் விட்டுப்போன ஒயர் கூடையின் கதைக்கு வருகிறேன்.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. லைனில் போன் கூடாது, கம்மல்கூடக் கூடாது. பஸ்ஸில் ஏறியதும் பையிலிருந்து ஒயரை எடுத்துவிடுவாள். எங்கள் சாலைகளில் டாரஸ் லாரி போட்ட குழிகளில் பஸ் குதிக்கும், அவள் முடிச்சு பிசகாது. ஊரில் எல்லோரும் போடும் சாதா முடிச்சு, அதற்கு மேல் நெல்லிக்காய் முடிச்சு, அதற்கும் மேல் சிவன் கண். மூன்றும் அவளுக்குக் கைவரும். "இன்னாடி அதையே பாத்துக்கினு கீற, கத்துக்கோ" என்பாள். கற்றுக்கொண்டேன். சாதா முடிச்சோடு நின்றுவிட்டேன். கைப்பிடி போடத் தெரியாது.

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை போட்டதும் ஒயர் கூடைக்குப் பழைய மவுசு கொஞ்சம் திரும்பியது. லைனில் இருந்த பெண்களெல்லாம் அவளிடம் ஆர்டர் கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தபோது, வியாபாரம் படுத்துவிடுமோ என்று கேட்டேன். "மஞ்சப்பையில பழவேற்காட்டு எறா வாங்கியாருவியா?" என்றாள். ஒயர் கூடை என்றால் தண்ணீர் ஒழுகிவிடும், கழுவினால் நாற்றம் போகும், வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும். மீன் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியும் அவள் சொன்னதன் நியாயம்.

அவள் போய்ச் சில மாதம் கழித்து, போகிக்கு முந்தின வாரம், அந்த வீட்டுக்குப் போனேன். வெள்ளையடிக்கப் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வாசலில் குவித்திருந்தார்கள். பழைய பாய், உடைந்த டேபிள் பேன், கிழிந்த ஸ்கூல் பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவரில் பாதிக் கூடை. கருநீலமும் மஞ்சளும். அடிப்பாகம் முடிந்து, நாலு மூலையும் திரும்பி, பக்கம் ஒரு சாண் ஏறியிருந்தது. பின்னாத ஒயரெல்லாம் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. சுற்றிப் பின்னிவரும் ரன்னிங் ஒயர் கடைசியாக விட்ட முடிச்சில் ஒரு ஹேர்பின்னைக் குத்தி வைத்திருந்தாள், அவிழாமல் இருக்க. ஆஸ்பத்திரிக்கு அலையத் தொடங்கும் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் கேட்கும் முன்னே அவள் மாமியார் சொன்னார்: "எடுத்துக்கினு போம்மா. எரிச்சா நாத்தம்தான் வரும்."

போகியன்று பிளாஸ்டிக்கும் டயரும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் சொல்கிறது. அந்த வீட்டில் ஒருவராவது கேட்டார்கள்.

பாதியில் நின்ற கூடையை முடிப்பது புதிதாக ஒன்று போடுவதைவிடக் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் காரணம் ஒயர். அவள் வைத்திருந்த கருநீலம் தீர்ந்துபோனது. பஜாரில் இருந்த கருநீலத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் ஊதா அடித்தது. கடைக்காரர், "ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி வரும்மா, அப்ப வாங்கினது இப்ப கெடைக்காது" என்றார். இரண்டாவது, இறுக்கம். அவள் முடிச்சுகள் பல்வரிசை போல நெருங்கி நின்றன. என் முடிச்சு தளர்வு. ஏற ஏறக் கூடை அகலும்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "முழுசா அவுத்துட்டு மறுபடி போடு, ஒரே மாதிரி வரும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒருமுறை முடிச்சில் மடிந்த ஒயர் நேராகாது. பிரித்தால் அவ்வளவும் குப்பை. அதோடு, அவள் கை பட்டது எதுவோ அதைக் கலைத்துவிட்டு என் கையால் மட்டும் ஒரு கூடை செய்ய வேண்டும் என்றால், கடையில் வாங்கிக்கொள்ளலாமே. வேலை தெரிந்தவர்களுக்கு இதில் வேறு கருத்து இருக்கும். செக்கிங்கில் இருக்கிற எனக்கும் ஒழுங்கில்லாத பொருளைப் பார்த்தால் கை சிவப்பு டிரேக்குத்தான் போகிறது. இந்த ஒன்றுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்று விட்டேன். அடியில் ஓரிடத்தில் அவளே ஒரு மஞ்சளைத் தாண்டி நீலத்தைப் போட்டிருக்கிறாள். பஸ் எந்தக் குழியில் இறங்கியதோ. அதையும் தொடவில்லை.

கைப்பிடியைப் பெத்திக்குப்பத்தில் கூடை போட்டு விற்கும் ஒரு பாட்டியிடம் போய்க் கற்றேன். எடையெல்லாம் கைப்பிடியில்தான். அதற்கான ஒயரை மேல் முடிச்சோடு நிறுத்தாமல் கீழே பல வரிசை ஆழத்துக்குச் சொருகி எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு கிலோ அரிசிக்கே கழன்றுவிடும். மேல் விளிம்பில் மிஞ்சிய ஒவ்வொரு நுனியையும் உள்பக்கம் மடக்கி முடிச்சுக்குள் நுழைத்து இழுத்து, பிறகு வெட்ட வேண்டும். வெட்டிவிட்டுச் சொருகினால் ஒருநாள் வெளியே வந்து கையைக் கிழிக்கும். பாட்டிக்கு நான் யாருக்காகப் போடுகிறேன் என்று தெரியும். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. "இழு. இன்னும் இழு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சாவு வீட்டில் எனக்குச் சொல்லப்பட்ட எல்லாவற்றையும்விட அது நன்றாக இருந்தது.

முடிந்ததும் அவள் மகளிடம்தான் முதலில் கொண்டுபோனேன். பிளஸ் டூ படிக்கிறாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். "நீங்களே வெச்சுக்கோங்க அத்தே, நான் இத எங்க எடுத்துக்கினு போவேன்" என்றாள். அந்த வயதில் யார் ஒயர் கூடை தூக்குவார்கள்? வருத்தமில்லை. அம்மாவை நினைக்க அவளுக்கு ஆயிரம் பொருள் வீட்டில் இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான்.

ஷோகேசில் வைக்கவில்லை. சந்தைக்கும் கம்பெனிக்கும் என்னோடு வருகிறது. நினைவுப் பொருள் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெங்காயம் சுமக்கத்தான் அவள் அதைப் போட ஆரம்பித்தாள். வேடிக்கை என்னவென்றால் பேனரும் பிளாஸ்டிக்தான், கூடையும் பிளாஸ்டிக்தான். ஒன்று பதினாறு நாள் தாங்காது, இன்னொன்று பேரப்பிள்ளைகள் காலம்வரை கிடக்கும். மேலே ஏறும் இடத்தில் நீலம் மாறுவதைப் பார்த்து யாராவது கேட்பார்கள். கேட்டால் அவளைப் பற்றிச் சொல்வேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் பெயரைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வேறு சந்தர்ப்பம் ஏது?

தொலைநிலைக் கல்வியில் நான் பி.லிட். படித்தவள். தொல்காப்பியத்தில் நடுகல்லைப் பற்றி வரும் இடத்தைப் படித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. பிறகு கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நடுவது, படையலிடும் பெரும்படை, கடைசியில் வாழ்த்து. ஆறு படி. இப்போது அதில் எனக்குத் தெரிவது வேலை. வீரன் விழுந்தான், அழுதோம், முடிந்தது என்று விடவில்லை. கல் தேடி அலைவதும் கொண்டுவருவதும் கழுவுவதும் குழி தோண்டுவதுமாக உயிரோடு இருப்பவர்களின் கைக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பழைய காலம் நண்பனுக்கு இடமும் வைத்திருந்தது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது கூடவே உயிர்விடப் புலவர் பொத்தியார் வந்தார். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பின் வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். அவர் மறுபடி வந்தபோது அரசன் நடுகல்லாகிவிட்டிருந்தான். அந்தக் கல்லிடம் போய் எனக்கு எங்கே இடம் என்று கேட்கிறார் பொத்தியார், கிடைக்கவும் செய்கிறது. புறநானூற்றில் இருக்கிறது. பார்க்காமலே நட்புக்கொண்ட பிசிராந்தையாரும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதியமானின் நடுகல்லைப் பார்த்து ஔவை அழுதாள். இவ்வளவு இருந்தும், தலைவியின் காதலுக்காக இரவும் பகலும் அலைந்து, தாயிடம் பொய் சொல்லி, தலைவனிடம் வாதாடிய தோழி செத்துப்போனால் தலைவி என்ன செய்தாள் என்று ஒரு பாட்டும் என் பாடத்தில் வரவில்லை.

அழ இடம் கிடைக்காத நண்பர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே தைத்துக்கொண்ட கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. எய்ட்ஸ் நோய் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்ற எண்பதுகளில், வெட்கப்பட்டுக் குடும்பங்கள் ஒதுங்கின, ஈமச்சடங்கு நிலையங்கள் சில உடலையே வாங்க மறுத்தன. சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவர், இறந்துபோன தன் நண்பர் மார்வின் ஃபெல்ட்மனுக்காக 1987இல் ஒரு நினைவுத் துணியைத் தயாரித்தார். மூன்றடிக்கு ஆறடி, ஓர் ஆள் புதைகுழியின் அளவு. மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள். இறந்தவரின் பழைய சட்டை, ஜீன்ஸ், பொம்மை எதுவானாலும் அதில் தைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் பெருந்திடலில் விரித்தபோது 1,920 துணிகள். இன்று ஏறத்தாழ 50,000. 1996க்குப் பிறகு எல்லாம் சேர்ந்த அந்தப் போர்வையை முழுசாக அந்தத் திடலில் விரித்ததில்லை, அவ்வளவு பெரிதாகிவிட்டது. தைத்தவர்களில் தையல் தெரியாதவர்கள் ஏராளம். உறவுமுறை கேட்டு யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

எங்கள் பகுதிக்கு இது தூரத்துக் கதையல்ல. சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருக்கிறார்கள். ஒருவன் இறந்தால் உடல் ஆம்புலன்சில் வடக்கே போய்விடுகிறது. அவனோடு ஒரே பாயில் ஷிப்ட் மாற்றிப் படுத்தவனுக்கு இங்கே ஒரு சடங்கும் இல்லை. ஊருக்குப் போய்வர லீவும் இல்லை, காசும் இல்லை. தொழிற்பேட்டையில் பாதிப் பேருக்கு உண்மையான உறவு எதிர் மெஷினில் நிற்கிறவன்தான். இதைக் கம்பெனி விண்ணப்பப் படிவமும் ஒத்துக்கொள்வதில்லை, ஊர்க் காரியமும் ஒத்துக்கொள்வதில்லை.

லேத் பட்டறையில் ரிட்டயர் ஆகிறவருக்குப் பித்தளைத் துண்டில் ஒரு சின்ன விளக்கோ, பேனா ஸ்டாண்டோ கடைந்து கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்கு மட்டும் யாரும் கடைவதில்லை. கடைந்தாலும் கேட்டில் செக்யூரிட்டி பிடிப்பார், ஸ்க்ராப்பும் கணக்குதான்.

ஆகையால் என் கோரிக்கைகள் சின்னவை. தொழிற்சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில், கூட வேலை செய்தவர் இறந்தால் சம்பளத்தோடு ஒரு நாள் என்று ஒரு வரியைக் கேளுங்கள். என்ன உறவு என்ற கட்டம் அதில் வேண்டாம். நிர்வாகங்கள், இறந்த தொழிலாளியின் நண்பர்கள் ஒரு கைப்பிடி ஸ்க்ராப்பில் எதையாவது செய்து எடுத்துப்போகக் கேட்டால் கேட் பாஸ் கொடுங்கள். பேனர் வைக்கிற தம்பிகளே, அந்தக் காசை ஒதுக்கி வையுங்கள். மேஸ்திரியாக இருந்தால் அவன் பெயரில் பஸ் ஸ்டாப்பில் ஒரு திண்ணை கட்டலாம், பெயின்டராக இருந்தால் அவன் படித்த பள்ளியின் ஒரு சுவருக்கு வண்ணம் அடிக்கலாம்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. பதினாறு முடிந்து சாமான்களை ஒதுக்கும்போது பாதி பின்னிய கூடை, பாதி தைத்த ஜாக்கெட், பாதி எழுதிய நோட்டு என்று ஏதாவது கையில் படும். உங்களுக்கு அது அடைசலாக இருக்கலாம். தூக்கிப் போடும் முன் அவரோடு தினமும் பஸ்ஸில் போனவர் யார் என்று கேட்டு, அவருக்கு ஒரு போன் போடுங்கள்.